பதினைந்தாவது வெட்டு

துளசிங்கத்துக்கு மூன்று நாக்கு என்று குப்பத்தில் கேலி. பிறந்தது தமிழில். புதுச்சேரித் துறையில் பன்னிரண்டு வருஷம் படகு தள்ளியதில் பிரெஞ்சு ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகு, ஏரிக்கரையில் டச்சுக்காரன் கட்டிய கோட்டையில் இங்கிலீஷ் கொடி ஏறியதும், வயிற்றுப்பாட்டுக்காக அதையும் கற்கத் தொடங்கினான். பேச்சு வந்துவிட்டது, வினைச்சொல்லின் காலம்தான் கழுத்தறுத்தது. பன்னிரண்டு வருஷம் இருந்தேன் என்பதையும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்தேன் என்பதையும் குழப்பிக்கொள்வான். சிப்பாய்கள் சிரிப்பார்கள். சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிடுவான்.

அந்தக் கோடையில் அவன் மனைவி வேலம்மாவுக்கு அம்மை கண்டது. கோட்டை வைத்தியர் அவளை ஏரி நடுவேயிருந்த தீவில், ஓர் ஓலைக் குடிசையில் தனியே வைக்கச் சொன்னார். கோட்டைப் படகு கரையில் கஞ்சி வைத்துவிட்டுத் திரும்பும். இரண்டு வாரம் கெடு. கெடு முடியும் அன்று பகலில் அவன் வந்து அவளை அழைத்துப் போய்விட வேண்டும், சாயங்காலம் குடிசையைக் கொளுத்திவிடுவார்கள்.

புதுச்சேரியில் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்பார்கள். பேசுகிற அந்த நாளும் அதில் சேர்த்தி. குப்பத்துக் கணக்கு வேறு. கரையேறிய நாள் முடிந்த நாள், மறுநாள் விடியலில் படகு இறங்கினால்தான் ஒன்று. துளசிங்கம் பதினைந்து என்ற எண்ணிக்கையைப் புதுச்சேரியிலிருந்து எடுத்தான், தொடக்கத்தைக் குப்பத்திலிருந்து எடுத்தான்; கெடு ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் காலையில்தான் படகு தள்ளும் கழியில் முதல் வெட்டுப் போட்டான்.

பதினான்காவது வெட்டுப் போட்ட அன்று சாயங்காலம் பக்கத்துக் குடிசை தேவகி வந்தாள்.

"அண்ணே, தீவுப் பக்கம் பொகையா கீது. இன்னான்னு பாத்தியா?"

"நாளைக்குத்தாம்மா கெடு. எவனாச்சும் மீன் சுடுவான்."

சொன்னானே தவிர, அன்று சோறு இறங்கவில்லை.

விடியலில் போனான். ஏரியில் பனிமூட்டம். வழக்கமாகக் கத்தும் பறவைகளில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர்மேல் சாம்பல் மிதந்து படகை ஒட்டியே வந்தது. தீவுக் கரையில் குடிசையின் நான்கு கால்கள் மட்டும் கரிந்து நின்றன. கோட்டை ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், பதில் இல்லையாம், புருஷன் வந்து அழைத்துப் போய்விட்டான் என்று நினைத்தார்களாம். அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது அவன் கரையில் குதித்துக் கூப்பிட்டான்.

"வேலம்மா."

பின்னாலிருந்து சத்தம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் அவள் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். தீப்பந்தங்களைக் கண்டு பயந்து அங்கே ஒளிந்தவள், இரவெல்லாம் எழுந்திருக்கவில்லை. அவளைச் சுற்றித் தண்ணீர் சிறிதும் அசையவில்லை.

"நேத்து எங்கய்யா போயிட்டே?" என்றாள்.

அம்மை இறங்கியது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் வாழ்ந்தாள். மீன் விற்றாள், பிள்ளை பெற்றாள், ஊரோடு சண்டையும் போட்டாள். ஆனால் ஒவ்வொரு விடியலிலும், கண் திறக்கும் முன்பே, அசையாமல் படுத்தபடி அதே குரலில் அதையே கேட்பாள். முந்தின நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே கிடந்திருந்தாலும் கேட்பாள். இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல ஒருநாளும் அவனுக்குத் துணிவு வரவில்லை.