கபீர் ஜெயித்த மேல்மனு

மொகல் தெரு வளைவில் குதிரை வண்டியை நிறுத்தியதற்காகக் கபீருக்கு முனிசிபாலிட்டி அபராதம் விழுந்தது. எழுதிக் கொடுத்தவர் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்ட பியூன் கருப்பையா.

“இங்கே நிறுத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா பாய்?”

“தடை போட்ட போர்டு எங்கேண்ணே?” என்றான் கபீர்.

போர்டு இல்லைதான். முந்தின நாள் கொட்டுகிற மழையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளியபோது, போர்டின் கம்பத்தை முறித்ததே கபீரின் சக்கரம்தான். யாரும் பார்க்கவில்லை என்று அதைச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

சவாரி கிடைக்காத மழைக்காலம். மேல்மனு போட்டான். விசாரணையில் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: “அங்கே போர்டு இருந்ததா?”

“இல்லைங்க,” என்றான் கபீர்.

கருப்பையாவாலும் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. அபராதம் ரத்தானது. போர்டு போனதைக்கூடக் கவனிக்காத பியூன், விசாரித்து முடிக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று உத்தரவாயிற்று. கருப்பையா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று கபீர் தன்னைத் தேற்றிக்கொண்டான். வீட்டுக்கு அல்வாகூட வாங்கிப் போனான். ஆனால் சில நாள் கழித்துத் துறைமுகத்தில் சவாரிக்குக் காத்திருந்தபோது, கருப்பையா அரிசி மூட்டை சுமந்து தள்ளாடி வருவதைக் கண்டான். சட்டென்று குதிரையின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டான்.

அன்று இரவு மனைவி நபீஸாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

“அந்த அல்வாவை எனக்கும் ஊட்டினீங்களே,” என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அதே அதிகாரி முன்னால் போய் நின்றான். “போர்டை உடைச்சது நான்தாங்க. அவரு மேல தப்பில்லை.” ரத்தான அபராதத்தைக் கட்டும்படி அதிகாரி உத்தரவிட்டார். புதுப் போர்டுக்கான செலவும் அவன் தலையில் விழுந்தது. கருப்பையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

தெருவில் அவரைக் கண்டதும் கபீர் வண்டியிலிருந்து இறங்கினான். “மன்னிச்சிருங்கண்ணே.”

“விசாரணையில என் பக்கத்துலதானே நின்னே பாய்?” என்றார் கருப்பையா. “அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.