சடைக்குள் வைத்த தாயத்து

எண்பதுகளின் நடுவில், என் மகளுக்கு ஏழு வயது. காரணமே இல்லாமல் சிரிப்பாள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஒரு நாளைக்கு நாலைந்து முறை. முகத்தில் சந்தோஷம் துளியும் இருக்காது. பக்கத்து வீட்டுச் சாவில், பிணத்தைத் தூக்கும் நேரத்தில் சிரித்தாள். தோட்டத்து லயத்துச் சனமே திரும்பிப் பார்த்தது. கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்பும் அறைந்திருக்கிறேன். நாள் முழுக்க மழையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பூசாரி தாயத்துக் கட்டி, ஒரு மண்டலம் கழற்றக்கூடாது என்றார். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர், தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லி கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். நான் இரண்டையும் நம்பினேன்.

பஸ்ஸில் தாப்பா மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி, "தோடு, தாயத்து எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா. படம் கெட்டுப்போயிரும்லா" என்றாள். மண்டலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், செப்புத் தாயத்தைச் சடைக்குள் வைத்துப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். டாக்டர் சடையைத் தடவிப் பார்த்தார், திட்டவில்லை. அடுத்த முறைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார். மண்டலம் முடிந்தது, சிரிப்பு நிற்கவில்லை. அலுப்பும் ஆத்திரமும் சேர்ந்து, அந்த ஆறு வாரத்தில்தான் அவளை அதிகம் அறைந்தேன்.

இரண்டாம் முறை நானே சடையை அவிழ்த்துவிட்டேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் அடியில், நடுவில், சுண்டைக்காய் அளவு.

"பொறக்கும்போதே இருந்த கட்டிம்மா. இது சிரிப்பு இல்ல, வலிப்பு. அவளால அடக்க முடியாது."

"அடிச்சதால வந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. ஆனா இனிமே அடிக்காதீங்க."

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மலை ஏறும்போது என் பக்கத்தில் இருந்தவள் திடீரென்று இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் சிரிப்பு வந்தது. வரப்போவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாத்திரையில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அந்தக் கைகள் கன்னத்துக்குப் போவது நிற்கத்தான் இரண்டு வருஷம் ஆனது.