ஆயிரம் கன அடித் தண்ணீர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் தோல்களுக்குப் பரப்பளவு போடுகிற வேலை தேவசகாயத்துக்கு. எவ்வளவு கோணல்மாணலான தோலையும் முக்கோணங்களாகப் பிரித்துக் கூட்டிச் சொல்லிவிடுவார். கால் அடி பிசகாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த க்ஷேத்திர கணிதம். மனுஷனுக்குக் கணக்கு வந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

1911இல் முதலாளி, தண்ணீர்த் தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டச் சொன்னார். பழையது நீளம், அகலம், உயரம் எல்லாம் ஐந்தடி. நான்கு செங்கல் தூண்கள்மேல் நின்றது. கொத்தனார் வேலாயுதம் பழைய தொட்டியைக் கயிற்றால் அளந்தார். அதே கயிற்றை எல்லாப் பக்கமும் இரண்டு முறை பிடித்தார், தூணின் பருமனுக்கும் அப்படியே. அது அவர் வழக்கம்.

தேவசகாயம் சிலேட்டில் போட்டுப் பார்த்தார். நூற்றிருபத்தைந்து கன அடி இருந்த இடத்தில் ஆயிரம். எடை எட்டு மடங்கு. தூணின் பரப்போ நான்கு மடங்குதான். ஒவ்வொரு செங்கல்லும் முன்னைவிட இரண்டு பங்கு சுமக்க வேண்டும், அதுவும் வெறும் மண்சாந்தில். தொட்டி நிழலில்தான் அவர் மனைவி ஜெயம்மாளும் வேறு ஏழு கூலிப் பெண்களும் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பார்கள்.

கொத்தனாரிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் ரெண்டு பங்காத்தானே பண்ணிக்கீறேன்? தோல் அளக்கிற ஆளுக்கு இங்க இன்னா வேலை? மொதலாளிகிட்ட சொல்லட்டுமா?"

தேவசகாயம் சிலேட்டை அழித்துவிட்டுத் தோல் அளக்கப் போனார். தண்ணீர் நிரப்பும் நாளன்று மனைவியிடம், "ஒடம்பு சரியில்லன்னு ஊட்லயே இரு" என்றார். காரணம் சொல்லவில்லை.

ஷாப்பில் மாடு பூட்டிய கவலை இறைக்க இறைக்கத் தொட்டியில் நீர் ஏறியது. ஏழடி ஏறியபோது ஒரு தூணிலிருந்து செம்மண் பொடி உதிர்ந்தது. ஜெயம்மாளின் இடத்தில் உட்கார்ந்திருந்த மீனாம்பாள் அதைத் தலையிலிருந்து தட்டிவிட்டு இடித்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் அதைப் பார்த்தார்; எழுந்து ஓடுங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். பாவி மனுஷன், குனிந்து தோலை அளந்தார்.

எட்டடியில் தொட்டி விழுந்தது. மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். மீனாம்பாளும் அதில் ஒருத்தி.

சாயங்காலம் ஜெயம்மாள் கேட்டாள்:

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கணக்கு அப்டித்தான் வந்துச்சு."

"என்ன மட்டும் ஊட்லயே இருக்கச் சொன்னீங்க."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"மீனாம்பா ஊட்டுக்கு. எல்லாம் விதின்னு அவ புருஷன் அழுதுகினு கீறாராம். விதி இல்லன்னு சொல்லிட்டு வர்றேன்."