காலியாக வந்த ஃபைல்

எங்கள் கல்லூரி லேபில் இன்னும் அந்தப் பழைய நீலத் திரையில்தான் சி மொழி சொல்லித் தருகிறோம். விடை மின்னி மறைந்துவிடாமல் இருக்க, ஒரு கீயைத் தட்டும்வரை புரோகிராம் காத்திருக்க வேண்டும். அதற்கென்று கடைசியில் ஒரு வரி. அதற்குப் பிறகுதான் ஃபைலை மூடும் வரி. பதினோரு வருடமாக இந்த வரிசையில்தான் நோட்ஸ் கொடுத்தேன். எப்போதாவது யாருக்காவது ஃபைல் காலியாக வரும். கவனம் இல்லை என்று மார்க்கை வெட்டுவேன்.

அரியர் பிராக்டிகலுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மற்றதெல்லாம் பாஸ். சென்னையில் கிடைத்த வேலை இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தது. எனக்கு அவளைப் பிடிக்காது. நான் போர்டில் எழுதிய தப்பை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னவள்.

பன்னிரண்டு பெயர்களை ஃபைலில் எழுத வேண்டும். எழுதியாயிற்று என்று திரையில் வந்ததும் கீயைத் தட்டக் கை நீட்டினாள்.

"கைய எடு," என்றேன். மவுஸைப் பிடுங்கி, மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கித் திரையையே மூடினேன். ஃபைலைத் திறந்தால் காலி.

"காலைல ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன் சார், வந்துச்சு."

"ஒனக்கு வரும், எனக்கு மட்டும் வராதா? மனப்பாடம் பண்ணிட்டு வந்தா இப்பிடித்தான்."

"இன்னொரு தடவ ஓட்டட்டுமா சார்?"

"ஊருக்குப் பஸ் இருக்குல்ல, கெளம்பு."

அவள் அழவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு ஃபெயில் போட்டு மார்க் கவருக்கு அரக்கு வைத்த பிறகு, அவள் செய்த தப்பைக் கண்டுபிடித்து மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று அதே கம்ப்யூட்டரில் ஓட்டினேன். கீயைத் தட்டினால் பன்னிரண்டு பெயரும் இருந்தன. பெருக்கல் குறியை அமுக்கினால் காலி. எழுதியதெல்லாம் மெமரியில் நிற்கிறது. ஃபைலை மூடினால்தான் டிஸ்க்குக்குப் போகும். நான் அதற்கு முன்பே புரோகிராமைக் கொன்றிருக்கிறேன். மூடும் வரி, கீக்காகக் காத்திருக்கும் வரிக்கு முன்னால் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அன்று நன்றாகவே தெரிந்தது.

கவர் மேசையில்தான் இருந்தது. அதைப் பிரிக்க முதல்வருக்கு ஒரு கடிதம் போதும். காரணம் எழுத வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. தல்லாகுளத்தில் நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். வரும் வழியில் டீ குடித்தேன், நன்றாக இருந்தது. மறுநாள் நோட்ஸில் அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். சென்னை வேலை வேறு யாருக்கோ போயிருந்தது. இந்தத் தடவை நான் மவுஸைத் தொடவில்லை. அவளே கீயைத் தட்டினாள். பன்னிரண்டு பெயரும் வந்தன.

"இப்பத்தான் ஒழுங்கா எழுதிருக்க," என்றேன்.

"அதே புரோகிராம்தான் சார்," என்றாள். "ஒரு வரிகூட மாத்தல."