பூட்டிய ஷெட்டுக்குள் ஹாரன்

பதினெட்டு வருஷம் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்த பொன்னி, நாற்பத்திரண்டாவது வயதில் பேட்டரி வேலைக்குப் போனாள். உப்புப் பாத்திகளை ஒட்டிய பழைய குடோனில் கௌதமன் என்பவன் ஷெட் நடத்தினான். சீனாவிலிருந்து அட்டைப்பெட்டிகளில் லித்தியம் செல்கள் வரும். ஒவ்வொன்றும் டார்ச் பேட்டரி அளவு. மீட்டரில் ஒரே அளவு காட்டுபவற்றைப் பொன்னி பிரித்துக் கொடுத்தால், மற்றவர்கள் அவற்றை இணைத்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குப் பேட்டரி கட்டுவார்கள். அவள் பிரித்த செல் பழுதென்று திரும்பி வந்ததில்லை.

அப்புறம் புயல் வந்தது. கடல்தண்ணீர் பாத்திகளைத் தாண்டி ஷெட்டுக்குள் இடுப்பளவு நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்த காலையில் முதல் ஆளாகப் போன பொன்னி, பூட்டிய ஷட்டருக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

கௌதமன் வந்து திறந்தான். சோதனைக்கு வைத்திருந்த ஸ்கூட்டர், சாவியே இல்லாமல் இண்டிகேட்டரை விட்டு விட்டு எரித்துக்கொண்டிருந்தது. தரைச் சேற்றில் ஒரு காலடி கூட இல்லை.

"ஒயர்ல உப்புத்தண்ணி பூந்திருக்குது, அவ்ளோதான்" என்று அவன் பேட்டரியைக் கழற்றினான். "செல்லு எல்லாத்தையும் தொடச்சி காய வைங்கக்கா. மீட்டர் சரியா காட்டுச்சுன்னா பேக் பண்ணிடலாம்."

"தொடச்சா போற சாமானா சார் உப்பு? தண்ணி காஞ்சாலும் அது உள்ளயே ஒக்காந்திருக்கும்."

அவன் கேட்கவில்லை. மீட்டரும் சரியாகத்தான் காட்டியது.

மூன்றாம் நாள் மத்தியானம். இனிப்பாக ஒரு வாசனை வந்தது.

"நெயில் பாலிஷ் போட்டியா, வைஜெயந்தி?" என்று பொன்னி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"இல்லியேக்கா."

துடைத்த செல்களை அடுக்கியிருந்த சுவரோரப் பெட்டிகளுக்குள் 'டிக்' என்றது. பொன்னி போய்க் கை வைத்தாள். அடுக்கியபின் யாரும் தொடாத பெட்டி, எந்த ஒயரிலும் மாட்டாத பெட்டி, ஜுரம் கண்ட உடம்பு மாதிரிச் சுட்டது.

"எல்லாரும் வெளிய ஓடுங்கடி!"

ஆபீஸ் அறையிலிருந்த கௌதமனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். ரோட்டை எட்டும்போது ஷட்டருக்கடியில் வெள்ளைப்புகை. பிறகு செல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. மறுநாள் காலை, நனைந்த கரிக்குவியல் தானாகவே புகைந்து எரிந்தது. அதற்கடுத்த நாளும்.

"அணைச்சது எப்படிங்க எந்திரிக்குது?" என்று பொன்னி கேட்டாள்.

"உள்ள எரியாத செல்லு கிடக்குதும்மா. அதுங்க எப்ப சூடாவும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் தீயணைப்பு வீரர்.

ஷெட்டில் இருந்த ஒன்பது பேருக்கும் ஒரு கீறல் இல்லை. கௌதமன் தொழிலை விட்டான். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்க்கா" என்றான்.

இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு பெரிய பேட்டரி கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். சார்ஜ் ஏற்றிய செல்களை வாரக்கணக்கில் சும்மா வைத்து, எது கெடுகிறது என்று பார்க்கும் அறை அவளுடையது. ஆயிரக்கணக்கான செல்கள், சின்னச் சத்தம் கூடக் கிடையாது. அங்கே தனியாக உட்கார மற்றவர்கள் பயப்படுகிறார்கள். பொன்னிக்கும் பயம்தான். கதவோரமாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.