நடு சீட்டில் உட்கார்ந்த அக்கா

நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது அவர் என்னைத் தாம்பரத்தில் மேட்னி சினிமாவுக்குக் கூப்பிட்டார். தனியாக அனுப்ப எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் மனசில்லை. அதனால் பெருங்களத்தூரிலிருந்து அவருடைய அக்காவும் கூட வந்தார். கணக்கு டீச்சர். எங்கள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போஸ்டரில் கோட்டும் ரோஜாவுமாக நின்ற ஹீரோவைப் பார்த்துக் காதல் படம் என்று நம்பிவிட்டார் மனிதர். பத்தாவது நிமிஷமே ஹீரோ ஒருவனைக் கொன்றுவிட்டான். பின்னணியில் சொகுசாக ஒரு சாக்ஸபோன். பிணத்தைப் போட்டால் கார் டிக்கி மூட மாட்டேன் என்கிறது. அவன் கோட்டைக் கழற்றிக் கசங்காமல் மடித்து வைத்துவிட்டு, பிணத்திடம் "சார், கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க" என்று மரியாதையாகக் கேட்கிறான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தியேட்டரில் வேறு யாருமே சிரிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த மாதிரிப் படம் என்றால் எனக்கு உயிர். அதற்குள் இருப்பவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதுதான் அழகு. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் சட்டை கசங்குகிறதே என்று கவலைப்படுவார்கள். பயமும் சிரிப்பும் சேர்ந்தே வரும். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இடைவேளையில் அவர் பப்ஸ் வாங்கித் தந்தார். "செத்துப்போனவனைப் பார்த்தா சிரிச்சீங்க?" என்றார். கோபமில்லை, பயந்திருந்தார்.

"இல்லைங்க, வேற ஏதோ ஞாபகம்."

பொய் சொன்னதும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இனி ஆயுசு முழுக்க இப்படித்தானா?

மறுபாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். டிக்கியில் இப்போது மூன்று பேர். லிஃப்ட் கேட்டு ஏறிய போலீஸ்காரர், "பின்னாடி இன்னா லோடு?" என்கிறார். "சொந்தக்காரங்க சார்" என்கிறான் ஹீரோ.

சீட் குலுங்கியது. நான் இல்லை. திரும்பினால், அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பிகிட்ட சொல்லிடாதம்மா" என்று என் காதில் சொன்னார். "எங்க வீட்ல இதெல்லாம் யாருக்கும் பிடிக்காது."

இத்தனை வருஷமாக முந்தானைக்குள்ளேயா? பாவமாக இருந்தது. என்னை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

"அடக்காதீங்கக்கா" என்றேன்.

ஹீரோ டேப்பை எடுத்து, நாலாவது ஆளுக்கு டிக்கியில் இடமிருக்கிறதா என்று அளந்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அக்காவும் முந்தானையை விட்டார். பின் வரிசையிலிருந்து யாரோ திட்டினார்கள்.

அவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நீயுமா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் சிரித்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தவர், அக்காவைத் தாண்டி என் பக்கம் குனிந்தார்.

"சரி, எனக்கும் சொல்லுங்க. இதுல எது ஜோக்கு?"