என் மெஷின் சத்தம்

எப்போதும் கிட்டார் அதிர வாசிக்கும் எங்கள் ஊர் மாசாயின் ராக் குழு, அன்று கிட்டாரை ஓரம் வைத்துவிட்டுப் புதுப் பாட்டு என்று எதையோ போட்டது. இரும்பை இரும்பு அறையும் சத்தம். பாதி மண்டபம் எழுந்து கைதட்டியது. மீதி கத்தியது, அதில் என் குரல்தான் பெரிது.

"பாட்டாடா இது? வாந்தி வருது."

கிட்டார் வாசிக்கும் குமார், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவன். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, அது உங்க மெஷின் சத்தம் லா. போன்ல பதிவு பண்ணேன்."

நம்பவில்லை. மறுநாள் ஷிப்டில், ஒருநாளும் கழற்றாத, காதை அடைக்கும் இயர்பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். அதே சத்தம். அதே குமட்டல்.

அரை நிமிடம் பொறுக்க முடியாத இந்தச் சத்தத்துக்குத்தான், பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.